களைக்குள் போகும் கம்பி: மஸ்கி தூண்டில் பற்றிய வாசகர் கேள்விகள்

வட அமெரிக்க நன்னீரில் வாழும் பெரிய வேட்டைமீனான மஸ்கியைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. மீன் நீர்ச்செடிகளுக்குள் இருக்கிறது, தூண்டிலும் அதே செடிகளில் சிக்குகிறது என்பதே எல்லோருடைய குறையும். ஆகவே இந்த முறை, களையில் எளிதில் சிக்காத ஸ்பின்னர்பெய்ட் என்னும் செயற்கை இரையைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கவார்த்தா ஏரிகளில் பக்டெயில் என்னும் செயற்கை இரையைப் போடுகிறேன். ஒவ்வொரு வீச்சுக்கும் கைநிறையப் பாசிதான் வருகிறது. ஸ்பின்னர்பெய்ட்டுக்கு மாறச் சொல்கிறார்கள். அதிலும் சுழலும் தகடும் முள்ளும்தானே இருக்கின்றன? அது மட்டும் எப்படிச் சிக்காமல் வரும்?
— வாசகர் ஒருவர், பீட்டர்பரோ, ஒன்டாரியோ

வேறுபாடு தகட்டில் இல்லை. கம்பி எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. பக்டெயிலுக்கு நேரான ஒரே கம்பிதான். அதன் முன்பகுதியில் தகடு சுழல, வால்பக்கம் மும்முனை முள் நிற்கிறது. மூன்று முனைகளும் மூன்று திசை பார்த்து நிற்பதால், செடியின் தண்டு எந்தப் பக்கத்திலிருந்து உரசினாலும் அதைப் பற்றிக்கொள்ள ஒரு முனையாவது அங்கே காத்திருக்கும். ஸ்பின்னர்பெய்ட்டின் கம்பியோ திறந்து வைத்த ஊக்கைப் போல இரண்டாக மடிந்தது. கீழ்க்கம்பியின் முனையில் ஈயத் தலையும், அதிலிருந்து மேல்நோக்கி வளைந்த ஒற்றை முள்ளும், முள்ளை மூடிய ரப்பர் அல்லது சிலிக்கான் குஞ்சமும் உள்ளன. மேல்கம்பி முள்ளுக்கு மேலாகப் பின்னோக்கிச் சென்று, ஸ்விவல் என்னும் சுழலும் இணைப்பு வழியாகத் தகட்டைத் தாங்குகிறது. தூண்டில் நரம்பு கட்டப்படுவது இரண்டும் சேரும் மடிப்பில்.

இதை இழுக்கும்போது செடியை முதலில் சந்திப்பது அந்த மடிப்புதான். தண்டு மடிப்பில் பட்டு, மேல்கம்பியின் வழியே வழுக்கி முள்ளின் முனைக்கு மேலாகக் கடந்துவிடுகிறது; கீழே சென்ற தண்டை ஈயத் தலை ஒதுக்கிவிடுகிறது. ஈயத்தின் எடை கீழே இழுப்பதாலும் தகட்டின் எதிர்ப்பு மேல்கம்பியைத் தூக்கிப் பிடிப்பதாலும் இரை நிமிர்ந்தே ஓடுகிறது. அப்படி நிமிர்ந்து ஓடும் வரைதான் முள்ளுக்கு அந்த மறைவு உண்டு. இரை பக்கவாட்டில் சாய்ந்த கணத்தில் மேல்கம்பி ஒருபுறம் போய்விட, முள் வெளிப்பட்டுவிடுகிறது. களையைத் தடுக்கும் கருவி என்று ஸ்பின்னர்பெய்ட்டில் தனியாக எதுவும் பொருத்தப்படவில்லை; அதன் வடிவமும் ஓட்டமுமே அந்த வேலையைச் செய்கின்றன.

எனவே வாங்கியவுடன் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கவார்த்தா ஏரிகள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. யூரேசிய மில்ஃபாயில் போன்ற இழை இழையான செடிகள் அங்கே மண்டிக் கிடக்கின்றன. தடித்த தண்டு கம்பியில் வழுக்கும். இழை வழுக்காது, ஸ்விவலில் சுற்றிக்கொண்டு தகட்டை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட இடத்தில் செடிகளின் உள்ளே இழுக்காமல், செடிகளின் தலைக்கு மேலே இருக்கும் அரையடி, ஓரடி நீரில் இழுங்கள். இரை நீரில் விழுந்த பிறகு ரீலைச் சுற்றத் தொடங்கினால், அதற்குள் ஈயம் செடிக்குள் இறங்கியிருக்கும். விழுவதற்குச் சற்று முன்பே, ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கட்டைவிரலால் அடக்கி, நீரைத் தொடும்போதே கைப்பிடி சுழலும்படி செய்தால், முதல் அடியிலேயே சிக்கும் தொல்லை பெருமளவு குறையும்.

கேள்வி: என்னதான் பார்த்து இழுத்தாலும் சில வேளை செடி மாட்டத்தான் செய்கிறது. வெடுக்கென்று இழுத்து அறுத்துவிடலாமா, மெதுவாக விடுவித்துக் கொண்டுவரலாமா?
— லீச் ஏரியில் மீன்பிடிக்கும் வாசகர், மின்னசோட்டா

எந்தச் செடி என்பதைப் பொறுத்தது. அகன்ற இலையுடைய, தூண்டில்காரர்கள் கேபேஜ் என்று சொல்லும் செடியின் தண்டு முறுமுறுப்பானது. மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் அது மளுக்கென்று ஒடிந்து, இரை சுத்தமாக வெளியே பாயும். மஸ்கிக்கும் மிகப் பிடித்த செடி இதுதான். இலைகளுக்கிடையே உடலை மறைக்க இடமும், தலையைத் திருப்பிப் பாய வழியும் அதில் இருக்கின்றன. ஆகவே கேபேஜ் திட்டுக்குள் துணிந்து போடுங்கள். மாட்டினால் வெட்டி இழுங்கள். அமைதியாக ஓடிவந்த இரை திடீரென்று செடியைக் கிழித்துக்கொண்டு பாயும் அந்தக் கணத்தில்தான் பல மீன்கள் கடிக்கின்றன.

கூன்டெயில் வேறு வகை. அதற்கு உண்மையான வேர் கிடையாது. கொத்துக் கொத்தாகக் கிடந்து, வெட்டி இழுத்தால் ஒடியாமல் முழுக்கொத்தாகவே கூட வரும். மில்ஃபாயிலும் ஏறக்குறைய அப்படித்தான். இவற்றில் மாட்டியபின் போராடுவதில் பயனில்லை. விரைவாகச் சுருட்டி, சுத்தம் செய்து, மறுவீச்சைத் திட்டின் விளிம்பையொட்டிப் போடுங்கள். கோரைத் திட்டுகளில் காற்றுக்குத் தண்டுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அந்தச் சாய்வோடு இழுக்க வேண்டும்; எதிராக இழுத்தால் எந்த இரையும் மாட்டும்.

இன்னொன்று. கோலில் உணரும் தகட்டின் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். துடிப்பு நின்றால் ஒன்று தகட்டில் களை, அல்லது பின்னாலிருந்து வந்த மீன் இரையைக் கவ்வி உங்களை நோக்கியே நீந்திக்கொண்டிருக்கிறது. எது என்று யோசிக்க நேரமிருக்காது, யோசிக்கவும் தேவையில்லை. இரண்டுக்கும் செய்ய வேண்டியது அதே வெட்டிழுப்புதான்.

கேள்வி: பாஸ் மீனுக்கு வைத்திருக்கும் சிறிய ஸ்பின்னர்பெய்ட்டையே மஸ்கிக்கும் பயன்படுத்தலாமா?
— வாசகி, பாரி, ஒன்டாரியோ

மீன் கடிக்கும், கம்பிதான் தாங்காது. பாஸ் இரையின் கம்பி பெரும்பாலும் 0.035 அங்குல அளவில் இருக்கும். மஸ்கிக்கென்று செய்தவற்றில் 0.051 அங்குலமும் அதற்கு மேலும் உண்டு. எடை ஒன்று முதல் இரண்டு அவுன்ஸ், முள் 7/0 அளவை ஒட்டியது. மெல்லிய கம்பி முதல் மீனிலேயே கோணிப்போய், நிமிர்த்தி நிமிர்த்திப் பயன்படுத்தியதில் ஒரே இடத்தில் களைத்து ஒடிந்துவிடும். மீன் சிறிய இரையை மதிக்காது என்பது மட்டும் உண்மையன்று. 1988-இல் ஜார்ஜியன் விரிகுடாவின் மூன் ஆற்றுப் பகுதியில் பிடிபட்டு ஒன்டாரியோவின் சாதனையாகப் பதிவான 65 பவுண்டு மஸ்கி, ரப்பாலா என்னும் சிறிய மீன்வடிவச் செயற்கை இரையைத்தான் கவ்வியது. வசந்தகால முடிவில் பருவம் திறந்த வாரங்களில் சிறிய உருவம் நன்றாகவே பலன் தரும். ஆனால் சிறிய உருவத்தையும் தடித்த கம்பியில் கட்டியதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: முள்ளின் முனைக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்போ நார்த் தடுப்போ பொருத்தினால் முழுமையாகக் களையற்றதாக ஆகிவிடாதா? அப்படிப் பொருத்தியே விற்பவையும் இருக்கின்றனவே.
— வாசகர் ஒருவர், டிரென்டன், ஒன்டாரியோ

ஆகும், ஏறக்குறைய மீனற்றதாகவும் ஆகும். களையைத் தள்ளும் தடுப்பு எதுவானாலும் அது மீனின் தாடையையும் தள்ளத்தான் செய்கிறது. மஸ்கியின் வாய் முழுவதும் எலும்பும் பல்லும். ஒற்றை முள் இறங்குவதற்கு உகந்த இடம் வாயோரத்தில் கொஞ்சம்தான் உண்டு. அந்த மீன் பெரும்பாலும் இரையைக் குறுக்காகக் கவ்வி, பற்களை அழுத்தி அசையாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் இழுக்கும் இழுப்பு முதலில் அந்தப் பிடியிலிருந்து இரையை நகர்த்த வேண்டும். நகர்ந்த பிறகுதான் முள்ளின் முனை ஏதோ ஓரிடத்தைத் தேடிப் பிடிக்கும். அவ்வளவு குறுகிய நகர்வில் தடுப்பை மடக்குவதற்கும் விசை செலவானால் முள்ளுக்கு என்ன மிஞ்சும்?

ஸ்பின்னர்பெய்ட்டின் சிறப்பே இந்தப் பேரத்தை அது நியாயமாக முடித்து வைத்திருப்பதுதான். மேல்கம்பி நெகிழக்கூடியது, மீன் கவ்வும்போது தாடையின் அழுத்தத்தில் அது கீழே அமுங்கி முள்ளை வெளிவிடுகிறது, களையின் மெல்லிய உரசலுக்கு அமுங்குவதில்லை. இதற்கு மேலும் ஒரு காவல் வேண்டுமென்றால், தடுப்பு பொருத்துவதை விட இரண்டு கம்பிகளுக்கும் இடையிலுள்ள கோணத்தைச் சற்றுக் குறுக்கிப் பாருங்கள். மேல்கம்பி முள்ளுக்கு அருகில் வந்தால் களை குறையும், துடிப்பும் சற்றுக் குறையும். விரித்தால் துடிப்பு கூடும், களையும் கூடும். அரை அங்குல மாற்றமே போதுமானது. தகடு தொங்கும் முனை முள்ளின் முனையைத் தாண்டிப் பின்னே நிற்கிறதா என்றும் பாருங்கள். குட்டையான மேல்கம்பி கொண்டவை ஆழத்தில் இறக்குவதற்குச் செய்தவை, அவை களைக்கு அவ்வளவு காவலாகா.

தடுப்பை நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. அல்லி இலைகள் நீரே தெரியாமல் மூடிக் கிடக்கும் மூலைகளில் வேறு வழியில்லை. ஆனால் அங்கே ஸ்பின்னர்பெய்ட்டே சரியான இரையன்று. அதன் தகடு இலைகளின் பிளவில் மாட்டும்.

கேள்வி: வில்லோ, கொலராடோ, இந்தியானா என்று தகடுகளின் வகை குழப்புகிறது. செயின்ட் கிளேர் ஏரிக்கு எது, எந்த நிறத்தில்?
— வாசகர் ஒருவர், வின்ட்சர், ஒன்டாரியோ

கொலராடோ வட்டமானது. அது கம்பியிலிருந்து அகன்று, பெரிய வட்டமிட்டுச் சுழல்கிறது. நீரை அதிகமாகத் தள்ளுவதால் கனத்த, மெதுவான துடிப்பைத் தருகிறது, இரையையும் மேலே தூக்குகிறது. வில்லோ நீண்டு குறுகிய இலை வடிவம். அது கம்பியையொட்டி ஒடுங்கிச் சுழல்வதால் துடிப்பு குறைவு, மினுக்கம் அதிகம், களை சுற்றும் வாய்ப்பும் குறைவு. இந்தியானா இரண்டுக்கும் நடுவே.

இதிலிருந்து களைக்கு வில்லோ என்று பலரும் சூத்திரமாகச் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்க எனக்கு விருப்பமில்லை. செடிகளின் ஊடாக இழுப்பதானால் வில்லோ சரி. செடிகளின் தலைக்கு மேலாக இழுப்பதானால், பெரிய கொலராடோ இரையைத் தூக்கிப் பிடிப்பதால், மெதுவாகச் சுற்றினாலும் அது செடிக்குள் இறங்குவதில்லை. அதே மெதுவான வேகத்தில் வில்லோ இறங்கி மாட்டிக்கொள்ளும். வேகமாகச் சுற்றித்தான் வில்லோவை மேலே வைத்திருக்க முடியும். எனவே தகட்டைத் தேர்வது களையைப் பார்த்து மட்டுமன்று, அன்றைக்கு மீனுக்கு எந்த வேகம் வேண்டும் என்பதையும் பார்த்துத்தான். குளிர்ந்த நீரில் மெதுவாக வேண்டும், அங்கே கொலராடோ. கோடையின் நடுவில், நீர் சூடாகி மீன் துரத்தும் மனநிலையில் இருக்கும்போது இரட்டை வில்லோவை வேகமாக ஓட்டலாம்.

செயின்ட் கிளேர் சராசரியாக 11 அடி ஆழமே உள்ள ஏரி. அகன்ற நீர்ப்பரப்பில் காற்று அடித்தால் அடிமண் கலங்கிவிடும். கலங்கிய நீரில் மினுக்கத்தால் பயன் குறைவு. மஸ்கி தன் பக்கவாட்டுக் கோடு என்னும் உணர்வுறுப்பால் அதிர்வைப் பிடித்துத்தான் இரை இருக்கும் இடத்தை அறிகிறது. ஆகவே காற்றடித்த மறுநாள் கொலராடோ, நீர் தெளிந்த அமைதியான நாளில் வில்லோ என்று இரண்டையும் பெட்டியில் வைத்திருங்கள். பல ஸ்பின்னர்பெய்ட்டுகளில் பின்னால் பெரிய தகடு ஒன்றும் அதன் முன்னே சிறிய தகடு ஒன்றும் இருக்கும். பின்தகடு ஸ்விவலில் தொங்குவதால் அதை மாற்றுவது எளிது. புது இரை வாங்குவதை விட நல்ல பந்துமணி (பால் பேரிங்) ஸ்விவலும் சில தகடுகளும் வாங்குவது மேல். மட்டமான ஸ்விவல் மெதுவான வேகத்தில் சுழலாது. விரலால் தட்டிப் பார்த்தால் தகடு தடையின்றிப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கறுப்புக் குஞ்சமும் செம்புநிறத் தகடும் ஒன்று, வெள்ளையும் வெள்ளியும் ஒன்று. அதற்கு மேல் நிறத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை.

கேள்வி: இரைக்கு முன்னால் கட்டும் லீடர் என்னும் உறுதியான துண்டின் ஸ்னாப் கொக்கி மேல்கம்பியின் வழியே வழுக்கித் தகட்டருகே போய்விடுகிறது. இரை தலைகீழாக வருகிறது. என்ன செய்வது?
— வாசகர் ஒருவர், சட்பரி, ஒன்டாரியோ

உங்களுடைய இரையின் மடிப்பு மூடாத வளைவாக இருக்கிறது. நரம்பை நேரடியாக முடிச்சிட்டுக் கட்டும் பாஸ் தூண்டில்காரர்களுக்கு அது போதும்; லீடரும் ஸ்னாப்பும் போடும் நமக்குப் போதாது. ஒரு சிறு ரப்பர் குழாய்த் துண்டை மடிப்புக்கு மேலே கம்பியில் செருகி ஸ்னாப்பை அடைத்து வையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது, மடிப்பில் கம்பியை முறுக்கி மூடிய கண்ணாக ஆக்கியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். லீடரைக் கைவிட மட்டும் எண்ண வேண்டாம்: மஸ்கியின் பல் நரம்பை அறுத்துவிடும். 80 முதல் 130 பவுண்டு வரை தாங்கும் ஃப்ளூரோகார்பன் அல்லது ஒற்றைக் கம்பி லீடர் போடுங்கள். பின்னால் 65 முதல் 100 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு.

கேள்வி: வேகமாகச் சுற்றினால் இரை ஒருக்களித்துப் படுத்துவிடுகிறது. பழுதானதா?
— வாசகி, மினியாபோலிஸ், மின்னசோட்டா

பெரும்பாலும் கம்பி கோணியிருக்கும். ஒரு மீனோ கைவலையோ போதும் அதைக் கோணலாக்க. இரையை முன்னிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். மேல்கம்பி, முள்ளின் தண்டு, முள்ளின் முனை மூன்றும் ஒரே தளத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிய வேண்டும். மேல்கம்பி ஒதுங்கியிருந்தால் குறடால் மெல்ல நேர்கொண்டுவந்து, படகின் ஓரமாக இழுத்துப் பார்த்து மீண்டும் திருத்துங்கள். நேராக இருந்தும் படுக்கிறதென்றால் தகடு அந்த ஈயத் தலைக்கு மிகப் பெரியது. ஓரளவு சிறிய தகட்டை மாட்டுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள். படுத்து வரும் இரை களை வாருவது ஏன் என்பதை முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சிப்பெவா ஃப்ளோவேஜில் செடியை விட மரக்கட்டைகளே அதிகம். அங்கேயும் இது உதவுமா?
— வாசகர் ஒருவர், ஹேவார்ட், விஸ்கான்சின்

கட்டைகளில் இது இன்னும் நன்றாக உதவும். 1920-களில் அணை கட்டி நிலத்தை மூழ்கடித்து உருவாக்கிய நீர்த்தேக்கம் அது. அடியில் கிடக்கும் மரங்களில் மும்முனை முள் போட்டால் ஒரு மாலைப் பொழுதில் பெட்டி காலியாகும். ஸ்பின்னர்பெய்ட்டின் மடிப்பு கட்டையில் முட்டியதும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். அது கேபேஜுக்குச் சரி, மரத்துக்குத் தவறு, ஏனெனில் இழுத்த வேகத்தில் முள் மரத்தில் ஏறிவிடும். முட்டியதும் சுற்றுவதைச் சற்று மெதுவாக்கி, கோலின் நுனியை உயர்த்தி இரையைக் கட்டையின் மேல் ஏறவிடுங்கள். மறுபக்கம் வந்ததும் ஒரு நொடி நிறுத்தினால் ஈயத் தலை கீழே விழ, தகடு மேலே சுழன்றபடியே இறங்கும். அந்த இறக்கத்தில் நரம்பு தளர்ந்து கிடக்கக் கூடாது; கடி அங்கேதான் வரும்.

கேள்வி: மீன் இரையைத் தொடர்ந்து படகு வரை வருகிறது. எட்டுப் போட்டும் திரும்பிவிடுகிறது. ஸ்பின்னர்பெய்ட்டால் எட்டுப் போடுவதில் தனி முறை உண்டா?
— வாசகர் ஒருவர், கெனோரா, ஒன்டாரியோ

புதிய வாசகர்களுக்காக: இரை படகருகே வந்ததும் வெளியே எடுக்காமல், கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி எட்டு வடிவத்தில் சுற்றுவதைத்தான் எட்டுப் போடுவது என்கிறார்கள். கடைசி வரை பின்தொடர்ந்தே வந்துவிட்டுக் கடிக்காமல் போவது மஸ்கியின் இயல்பு. அந்த இயல்பை முறிக்கும் வழி இது.

ஸ்பின்னர்பெய்ட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அதன் தகடு நகர்ந்தால்தான் சுழலும். ரீல் சுற்றுவதை நிறுத்தி, ஒரு கணம் தயங்கி, பிறகு கோலைத் திருப்பினால், அந்தத் தயக்கத்தில் தகடு செத்து, இரை தொய்ந்து, மீனுக்கு ஐயம் வந்துவிடும். ஆகவே கோலின் நுனிக்கும் இரைக்கும் இடையே ஒன்று அல்லது ஒன்றரை அடி நரம்பு எஞ்சும்போதே, சுற்றிக்கொண்டிருக்கும் வேகம் குறையாமல், கோலைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்பத்துக்குள் நுழையுங்கள். திருப்பம் அகலமாக இருக்கட்டும். நாலடி மீன் இறுக்கமான வளைவில் உடலைத் திருப்ப முடியாமல் வழி தவறிவிடும். எட்டரை, ஒன்பதடிக் கோல் இதற்காகத்தான் வேண்டியிருக்கிறது. உங்கள் பக்கத்து வுட்ஸ் ஏரியின் பழுப்பு நீரில், வரும் மீன் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இரண்டு சுற்றுப் போடுங்கள். தகட்டில் களை சுற்றியிருப்பது தெரிந்தால் மட்டும் எடுத்துவிடலாம், சுழலாத தகட்டுக்கு எட்டுப் போடுவது வீண் வேலை.

கேள்வி: கடி தெரிகிறது, இரண்டு உதறலில் மீன் கழன்றுவிடுகிறது. ஒற்றை முள்ளின் குறையா? பின்னால் இன்னொரு முள் சேர்க்கலாமா?
— வாசகர் ஒருவர், மாடிசன், விஸ்கான்சின்

ஒற்றை முள்ளுக்கு மும்முனை முள்ளை விடக் கடி தவறும் வாய்ப்பு அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இறங்கிவிட்டால் அது பிடித்த பிடி உறுதியானது. மும்முனை முள்ளில் ஒரு முனையை நெம்புகோலாக்கி மற்றொன்றை மீன் கழற்றிவிடுவது போல இதில் முடியாது. ஆகவே கேள்வி, எப்படி இறக்குவது என்பதே. தடித்த கம்பியால் ஆன முள் இறங்க மெல்லிய முள்ளை விடக் கூடுதல் விசை வேண்டும். புதிதாக வாங்கியதே போதிய கூர்மையோடு வருவதில்லை. முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் கூர் போதாது, நகத்தில் நின்று கீறினால் சரி. மெல்லிய அரத்தால் முனையை நோக்கித் தீட்டுங்கள். கட்டையிலோ கல்லிலோ உரசிய ஒவ்வொரு முறையும் மீண்டும் சோதியுங்கள்.

அடுத்தது இழுக்கும் திசை. கோலைத் தலைக்கு மேல் தூக்கினால், படகருகே இருக்கும் மீனின் வாயிலிருந்து இரை மேலே உருவிக்கொண்டு வரும். கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில், மீன் போகும் திசைக்கு எதிராக, உடலைத் திருப்பி இழுங்கள். நீளாத பின்னல் நரம்பும் இறுக்கி வைத்த டிராகும் (நரம்பு ஓடாமல் பிடிக்கும் ரீலின் தடை) அந்த விசையை வழியில் இழக்காமல் முள்ளுக்குக் கொண்டுசேர்க்கும்.

துணைமுள் சேர்க்கலாம், எல்லா இடத்திலும் அன்று. பெரிய முள்ளின் வளைவில் துணைமுள்ளின் கண்ணைக் கோத்து, முனை மேல்நோக்கி நிற்கும்படி ஒரு ரப்பர் குழாய்த் துண்டால் இறுக்கினால், வாலில் கடிக்கும் மீன்களில் சில பிடிபடும். ஆனால் துணைமுள் மேல்கம்பியின் மறைவுக்கு வெளியே, பின்னால் நிற்கிறது. களைக்கு அது அழைப்பு. செடிகளின் தலைக்கு மேலே திறந்த நீர் இருக்கும் இடத்தில் மாட்டுங்கள், திட்டுக்குள் போடும்போது கழற்றிவிடுங்கள். மீன் வாலில்தான் கடிக்கிறது என்றால், அதற்கு முன், முள்ளில் கூடுதலாகக் கோத்துத் தொங்கவிட்ட மென்பிளாஸ்டிக் வால் இருந்தால் அதை ஓரிரு அங்குலம் குறைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே குறை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

கேள்வி: செப்டம்பர் முடிந்ததும் ஸ்பின்னர்பெய்ட்டை எடுத்து வைத்துவிடலாமா?
— வாசகி, ஓஷாவா, ஒன்டாரியோ

வேண்டாம். இலையுதிர் காலத்தில் செடிகள் பழுத்து மடியத் தொடங்கும். மடிந்த செடித் திட்டை மீன் விட்டுப்போகும். ஆனால் எல்லாத் திட்டும் ஒரே வாரத்தில் மடிவதில்லை. இன்னும் பச்சையாக நிற்கும் கேபேஜ் திட்டு ஒன்று அகப்பட்டால், சுற்றுவட்டாரத்து இரைமீன்களும் அவற்றைத் தொடரும் மஸ்கியும் அங்கே கூடியிருக்கும். முள்ளில் வரும் களையைத் தூக்கி எறியாமல் பாருங்கள்: பழுப்பா பச்சையா என்று அது சொல்லும். கனத்த தலையும் ஒற்றைக் கொலராடோவும் கொண்ட இரையைத் திட்டின் ஆழமான விளிம்பில், தகடு சுழல்வது கையில் தெரியும் அளவுக்கு மட்டும் மெதுவாக ஓட்டுங்கள்.

கேள்வி: பிடித்த மீனைத் திரும்ப விடுகிறேன். ஸ்பின்னர்பெய்ட் மீனுக்குப் பாதுகாப்பானதா?
— வாசகர் ஒருவர், ஒட்டாவா

மும்முனை முட்கள் இரண்டு, மூன்று தொங்கும் இரைகளோடு ஒப்பிட்டால் ஆம். உங்கள் கைக்கும் அப்படியே. ஒற்றை முள்ளை நீண்ட மூக்குக் குறடால் பற்றி, இறங்கிய வழியே திருப்பி எடுத்துவிடலாம். மேல்கம்பிதான் இடைஞ்சல்: அது பற்களுக்கிடையில் மாட்டினால் இழுபறி செய்யாமல் முள்வெட்டும் கத்தரிக்குறடால் முள்ளை வெட்டிவிடுங்கள். ஒரு முள்ளின் விலை அந்த மீனின் வயதுக்கு ஈடாகாது. ஆழமான, முடிச்சில்லாத, ரப்பர் பூசிய கைவலைக்குள் மீன் நீரிலேயே இருக்கட்டும். படம் எடுக்கும் சில நொடிகளுக்கு மட்டும், இரு கையாலும் கிடையாகத் தாங்கித் தூக்குங்கள். நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸை நெருங்கினால் மஸ்கிக்கு வீசுவதையே நிறுத்திவிட வேண்டும். அந்த வெப்பத்தில் போராடிக் களைத்த மீன் நீந்திப் போனாலும் பிறகு இறந்துவிடக்கூடும். ஒன்டாரியோவில் பாதுகாப்பு வகை மீன்பிடி உரிமம் வைத்திருப்பவர்கள் மஸ்கி ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. விளையாட்டு உரிமத்திலும் அந்தந்த மண்டலத்தின் குறைந்தபட்ச நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரையில் ஒட்டிய களையோடு ஒரு ஏரியிலிருந்து மற்றொன்றுக்குப் போவது குற்றமா?
— வாசகர் ஒருவர், லிண்ட்சே, ஒன்டாரியோ

படகிலும் இழுவண்டியிலும் கருவிகளிலும் உள்ள நீர்ச்செடிகளை அகற்றி, நீரை வடித்த பிறகே சாலையில் கொண்டுசெல்ல வேண்டும் என்று 2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் விதி இருக்கிறது. மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் இதே போன்ற விதிகள் உண்டு. மில்ஃபாயிலின் ஒரு துண்டே வேர்விட்டுப் புதுத்திட்டாக வளரக்கூடியது என்பதால் இதில் அலட்சியம் கூடாது. ஸ்பின்னர்பெய்ட்டில் அது ஒளிந்திருக்கும் இடங்கள் குஞ்சத்தின் இழைகளுக்கு நடுவிலும் ஸ்விவலின் கண்ணிலும். அவற்றைச் சுத்தம் செய்து, முழுவதும் உலர்த்திப் பெட்டியில் வையுங்கள். மென்பிளாஸ்டிக் வாலைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும்; சேர்த்து மூடினால் அது குஞ்சத்தோடு இளகி ஒட்டிக்கொள்ளும்.